பாதி வழியில் நின்ற தோட்டா

அந்தப் பழைய கைத்துப்பாக்கி பழுதுபார்க்க வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து தெருவில் எதுவும் முழுதாக உள்ளே போகவில்லை. சாவி பூட்டுக்குள் பாதி போய் நின்றது. பேருந்தின் கதவு பாதி சாத்தி நின்றது. நடத்துனர் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டே விசில் ஊதினார். தபால் பெட்டிகளில் கடிதங்கள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. மூலை வீட்டுக்காரர் தன் குடித்தனக்காரரைத் திட்ட வாயெடுத்து, “நீயெல்லாம் ஒரு” என்றதோடு நின்றுவிட்டார். குடித்தனக்காரர் மிச்சத்துக்காகக் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. போன வருடம் இதே தெருவில் கடிகாரங்கள் எல்லாம் தும்மின. அதுவும் தானே சரியாயிற்று.

துப்பாக்கி வந்து சேர்ந்த கடை இரண்டு பாதியாக இருந்தது. ஒரு பாதியில் தையல்காரன் தைத்தான். மறுபாதியில் அவன் மனைவி, உரிமம் வாங்கித் துப்பாக்கி பழுதுபார்த்தாள். தெருவுக்கு அவள் ஸ்பிரிங்கக்கா. கழற்றிய ஸ்பிரிங் எது மேசையிலிருந்து எகிறினாலும், தலையைத் தூக்காமலே கையை நீட்டிக் காற்றில் பிடித்துவிடுவாள். அதையே பார்த்துக்கொண்டு தையல்காரன் கல்யாணமான புதிதில் நிறையத் தையலைக் கோணலாக அடித்திருக்கிறான்.

துப்பாக்கியைக் கொண்டுவந்தவர் சுடும் கிளப்பின் செயலாளர். தோட்டா, அதை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து கிளம்புகிறது, குழலுக்குள் ஏறாமல் குழல்வாயின் சரிவில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது என்றார்.

“நாலு பேர் பாத்தாச்சும்மா. நாலு பேரும் அந்தச் சரிவைத்தான் தேய்ச்சாங்க.”

“கையில அரம் இருந்திருக்கும். தேய்ச்சிருப்பாங்க,” என்றாள் ஸ்பிரிங்கக்கா. சரிவு கண்ணாடிபோல மின்னியது. அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அன்று மத்தியானம் அவர்களுடைய குட்டிப்பெண்ணுக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்குள் போனது, தொண்டைவரை போனது, நின்றது. மூச்சுக்கு ஒரு தடையுமில்லை. தண்ணீரும் அப்படியே நின்று திரும்பி வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “வழி சுத்தமா இருக்கு. உள்ள போக வேண்டியதுதான் பாக்கி,” என்று சொல்லிவிட்டு, நாக்கை அழுத்தும் குச்சியைக் குப்பைக்கூடையில் போட்டார். அதுவும் பாதிதான் விழுந்தது. மறுநாள் குழந்தையின் கன்னம் ஒட்டிவிட்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் தையல் மேசைக்குக் கீழே துணிக்குவியலில் படுத்துக்கொண்டது.

தையல்காரனுக்கு விளங்கிவிட்டது. மனைவி மருந்தில்லாத டம்மி தோட்டாவை வைத்து, துப்பாக்கியின் மேல்மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து விடும்போதெல்லாம், தோட்டா முட்டி நின்ற அதே நொடியில் குழந்தை விக்கியது.

“அது சரியாகாம இவ சாப்பிட மாட்டா.”

“தெரியும்.”

“அப்ப எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தித் தொலையேன்!”

“மாத்தினா எதுல கோளாறுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குத் திரும்பவும் நின்னா, எதைப் பிடிச்சுக் கேக்கறது?” சொல்லிக்கொண்டே அடுத்த டம்மியை எடுத்தாள். கை நடுங்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள்; மாற்றியபின் பார்ப்பாள். தன் பிள்ளை மேசைக்கடியில் கிடக்கும்போதும் அதை விடவில்லை. அவள்மீது அவனுக்கு வந்த கோபம், அவள் கையைப் பார்த்தபோது பாதியில் நின்றுபோனது.

முதலில் தோட்டாவை மாற்றினாள். கிளப்பில் இப்போது வாங்குவது மொட்டை மூக்கு. இந்தத் துப்பாக்கி பிறந்த காலத்தில் உருண்டை மூக்குதான் உண்டு. உருண்டை மூக்கு டம்மிகளைப் போட்டதும் தெருவின் சாவிகள் எல்லாம் ஒரு நூல் கூடுதலாக நுழைந்தன. பிறகு டம்மிகளுக்குக் கறுப்பு மை பூசி ஏற்றினாள். வெளியே எடுத்துப் பார்த்தால் கீறல் ஒரே பக்கம். மேகசினின் வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு மடிப்புகளில் ஒன்று உள்ளே வளைந்திருந்தது. எப்போதோ யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். சின்னக் குறடால் ஒரு மயிரிழை நிமிர்த்தினாள், அளந்தாள், மறுபடி ஒரு மயிரிழை. ஸ்லைடை விட்டாள். தோட்டா ஏறியது. அடுத்ததும் ஏறியது. வெளியே பேருந்தின் கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது. மூலை வீட்டுக்காரர் வாயிலிருந்து “மனுஷனா!” என்று மிச்சம் புறப்பட்டு, அந்த வழியாக வந்த தபால்காரர் மேல் விழுந்தது. குட்டி எழுந்து உட்கார்ந்து நாலு வாய் கஞ்சி குடித்தது.

கடைசி வாய் மட்டும் இறங்கவில்லை. மேகசினிலும் கடைசித் தோட்டா மட்டும் மேலே வரச் சோம்பியது. அதைத் தள்ளும் ஸ்பிரிங் களைத்திருந்தது.

“பழசையே இழுத்து விட்டா சரியாகாதா?” என்றான் தையல்காரன்.

“ஆன மாதிரி ஒரு வாரம் பொய் சொல்லும். அப்புறம் இவ தொண்டைய யாரு பாக்கறது?”

அந்த வயசுத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் எங்கும் கிடையாது. எஃகுக் கம்பியை எடுத்து, மேகசினின் உள்ளளவுக்குச் செதுக்கிய கட்டையில் தானே சுற்றத் தொடங்கினாள். மறுமுனையைத் தையல்காரன் பிடித்தான். “விட்டுடாதீங்க,” என்றாள். கம்பி உள்ளங்கையை அறுத்தது. அவன் விடவில்லை. சுருள் ஒவ்வொன்றும் முந்தையதன் அச்சாக விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். வலி தெரியவில்லை.

புது ஸ்பிரிங்கைப் போட்டு, கடைசி டம்மியை மட்டும் வைத்து ஸ்லைடை விட்டாள். தோட்டா வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் குழலுக்குள் போனது. மேசைக்கடியிலிருந்து மடக்கென்று ஒரு சத்தம், பிறகு, “இன்னும்.”

அதன்பின் பல வருடங்கள் பழைய துப்பாக்கிகள் வந்துகொண்டேதான் இருந்தன. குட்டி வளர்ந்து வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். கிளப்பின் ஜீப் தெருமுனையில் திரும்பினால் தெருக்காரர்கள் வாயில் இருப்பதை விழுங்குவார்கள், வீட்டைப் பூட்டுவார்கள். மூலை வீட்டுக்காரர் திட்டவேண்டியதை வேகமாகத் திட்டி முடிப்பார். தையல்காரன் எல்லா ஊசியிலும் நூல் கோத்து வைத்துவிட்டு, தழும்பேறிய கையைத் துடைத்துக்கொண்டு, கம்பியின் மறுமுனைக்கு வந்து நிற்பான்.