பிட்கப்படாத எட்டு அப்பங்கள்

கிழக்கு வானின் விளிம்பு வெளுத்து, கூரைகளின்மேல் படிந்திருந்த பனிப்படலம் மெல்ல மெல்ல விலகி, கல் பாவிய குறுந்தெருவில் முதல் காலடிகள் ஒலிக்கத் தொடங்கும் விடியற்பொழுதில், தெருமுனை அடுமனையின் புகைபோக்கி மட்டும் எல்லோருக்கும் முன்பாகவே விழித்து மூச்சுவிட்டுக் கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் செங்கல் அடுப்பும், மாப்பிசையும் மரத்தொட்டியும், மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றும் உருளையும் கயிறும். மேல்தளத்தில், அடுப்பின் வெம்மை தரைவழியே ஏறிவந்து பாதங்களைத் தொடும் அகன்றதோர் அறை. அவ்வறையில்தான் ஞாயிறுதோறும் ஆண்டவரின் அடியார் நாற்பது பேர் கூடி வழிபட்டனர். கொத்தரும் தச்சரும் தையற்காரரும் சுமை இழுப்போருமாகிய அவர்களுக்குக் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. வழிபாட்டுக்கு நேரமாயிற்று என்பதைக் கீழிருந்து எழும் அப்பத்தின் மணமே அறிவித்தது.

நூல் பல கற்ற நண்பரே, அவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. இக்கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. திருவிருந்தின்போது ஆயர் ஒரே அப்பத்தை இரு கைகளிலும் ஏந்தி, "நம்முள் எவருக்கேனும் எவர்மேலேனும் குறை உண்டோ?" என்று கேட்பார். ஒருவரும் வாய்திறவாவிடில் அப்பம் பிட்கப்பட்டு நாற்பது பேருக்கும் பகிரப்படும். எவரேனும் "உண்டு" என்றால் அப்பம் பிட்கப்படாமலே கீழே திரும்பும். அக்குறை தீரும்வரை அதை உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது. நல்ல வழக்கந்தான், ஐயமில்லை. ஆனால் பல ஆண்டுகளாக அக்கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன அந்நல்லவர்கள், கேள்வி என்றால் அதற்கு விடை ஒன்று வரக்கூடும் என்பதையே அடியோடு மறந்துவிட்டிருந்தனர்! ஆயரும் கேள்வியின் கடைசிச் சொல் வாயைவிட்டு நீங்கும் முன்பே அப்பத்தில் விரலை அழுத்தத் தொடங்கிவிடுவார்.

அப்படி அவர் அழுத்திய ஒரு ஞாயிறன்று, பின்வரிசையிலிருந்து தையற்காரி எழுந்து, "உண்டு" என்றாள். அறையே திகைத்துத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஞாயிறும் "உண்டு" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே சொல்லை, குரலைச் சற்றும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும், ஊசியில் நூல் கோக்கும் அதே பொறுமையோடு சொன்னாள். ஏழு கிழமைகள் உருண்டோடின. அடுமனையின் சுவர்ப்பலகையில் ஏழு அப்பங்கள் வரிசையாக அமர்ந்து, நாளுக்கு நாள் இறுகி, தம்மைச் சுட்ட அடுமனைக்காரியையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

தையற்காரியின் குறை இதுதான். அவள் கணவனாகிய கொத்தன் ஒரு காலத்தில் பெருங்குடிகாரன். தெருவே அறியத் தள்ளாடியவன். இக்கூட்டத்தில் சேர்ந்த நாளில் குடியை விட்டு, மூன்றாண்டுகளாக ஒரு துளியும் நாவில் படாமல் வாழ்ந்துவந்தவன். வழிபாட்டறையின் மேற்கூரைக்குச் சுண்ணம் பூசக் கூலியின்றி ஏறியபோது சாரம் சரிந்து விழுந்து இடுப்பையும் காலையும் முறித்துக்கொண்டான். சாரம் கட்டியவர் கூட்டத்தின் மூப்பராகிய தச்சர். ஓடிவந்து சூழ்ந்தோர் "எப்படி விழுந்தான்?" என்று கேட்டபோது, அவர், "குடிச்சிட்டு ஏறினா விழாம என்ன செய்வான்?" என்று சொல்லிவிட்டார். பழைய குடிகாரனைப் பற்றிய சொல்லாயிற்றே, நம்புவதற்கு எவருக்கும் நெடுநேரம் பிடிக்கவில்லை. அன்று முதல் அவ்வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. அவன் குடிக்கவில்லை என்று தையற்காரி சொன்னதையும் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

சாரம் ஏன் சரிந்தது என்பதை அறிந்தவர் உலகில் இருவர். ஒருவர் தச்சர், மற்றவள் அவருடைய உடன்பிறந்த தங்கையாகிய அடுமனைக்காரி. சாரம் கட்டிய அன்று காலை அவர் அடுமனைக்கு வந்து, "தங்கச்சி, கயிறு ஒண்ணு குறையுது" என்றார். மூட்டை ஏற்றி ஏற்றி இரண்டு புரி அறுந்துபோனதால் கழித்துப்போட்டிருந்த கயிற்றைக் காட்டி, "அது பழசுண்ணே, பாத்துக்க" என்றாள் அவள். "அரை நாள் வேலைதானே, தாங்கும்" என்று அதிற்பாதியை அறுத்துக்கொண்டு போனார் அவர். மீதிப் பாதி இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெற்றோரை இழந்த இளமையில் தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். தான் மாப்பிசையும் தொட்டியைத் தன் கையாலேயே இழைத்துத் தந்த அண்ணன். அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு எப்படி வாய் வரும்? போதாக்குறைக்குக் கயிற்றைக் கொடுத்த கையும் அவளுடையதே. எனவே ஏழு கிழமைகள் அவள் கயிற்றையும் பார்க்கவில்லை, அப்பங்களையும் பார்க்கவில்லை. அவை இரண்டும் அவளைப் பார்ப்பதைத்தான் தடுக்க முடியவில்லை.

எட்டாம் கிழமை, திருவிருந்துக்கு முந்தைய நாள் பிற்பகலில், ஆயர் தயங்கித் தயங்கி அடுமனைக்குள் வந்தார். நல்லவர், ஆனால் சச்சரவு என்றால் காய்ச்சல் வந்துவிடும் அவருக்கு.

"அம்மா, நாளைக்கு ஒரு சின்ன மாத்தம். கேள்வியை வாய்விட்டுக் கேக்கப் போறதில்ல. அவங்கவங்க மனசுக்குள்ளயே கேட்டுக்கட்டும். எத்தனை நாள்தான் இப்படியே விருந்து இல்லாம இருக்கிறது?"

"அப்போ அவ மனசுக்குள்ள சொல்ற பதில் யாருக்குக் கேக்கும், ஐயா?"

"ஆண்டவருக்குக் கேக்கும்ல?"

"அவருக்கு ஏழு வாரமா கேட்டுட்டுத்தான் இருக்கு. நமக்குத்தான் காது அடைச்சுப் போச்சு" என்றாள் அவள். சொன்ன பிறகே அச்சொல் தன்னையும் சுட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆயர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார்.

அவர் போன சற்றைக்கெல்லாம் தையற்காரி அப்பம் வாங்க வந்தாள். விரல் நுனிகளெல்லாம் ஊசித்தழும்பு. கண்களைச் சுற்றிலும் கருவளையம். அப்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோல் அவள் சொன்னாள்: "நேத்து அவரு ஒண்ணு கேட்டாரு, அக்கா. 'நான் குடிச்சேன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அப்புறம் நான் எதுக்குக் குடிக்காம இருக்கணும்?'னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கால் போனாப் போகட்டும், அக்கா. அந்த மூணு வருசம் போயிடக் கூடாது."

அவள் சென்றபின் அடுமனைக்காரி நெடும்பொழுது மாத்தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். தான் நாள்தோறும் வேண்டிக்கொள்ளும் கடவுள் எத்தகையவர் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவர் பொய் பேசாதவர் என்று பாடியிருக்கிறாள். ஒருவரையும் தள்ளிவைத்துவிட்டு விருந்து நடத்தாதவர் என்று பாடியிருக்கிறாள். வீழ்ந்தவனின் வீட்டுக்குத் தாமே நடந்து போகிறவர் என்று, அதுவும் உச்சக் குரலில், ஞாயிறு தவறாமல் பாடியிருக்கிறாள். பாடிய வாயை மூடிக்கொண்டு மூன்று தெரு தள்ளிப் படுத்திருப்பவனைப் பார்க்கப் போகாமல் இருந்தவளும் அவளே. அவர் அப்படிப்பட்டவர் என்றால், அவர் பெயரைச் சொல்லிக் கூடுகிற நாம் இப்படிப்பட்டவர்களாய் இருப்பது எப்படித் தகும்? இவ்வளவுதான் அவள் எண்ணியது. பிறகு மாப் படிந்த கைகளைக் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய கயிற்றைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, அண்ணனின் பட்டறைக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

தச்சர் கதவுச் சட்டமொன்றை இழைத்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கண்டதும் இழைப்புளி பாதியில் நின்றது.

"அண்ணே, நாளைக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"என்ன பேசுற நீ? நாப்பது பேரு முன்னாடி என் மானம் என்ன ஆகும்?"

"அவன் மானம் போயி எட்டு வாரமாச்சு."

"அந்த நேரத்துல பயந்துட்டேன், தங்கச்சி. வாயில வந்துடுச்சு. வேணும்னு சொல்லல."

"வாயில வந்தது ஒரு நொடி. அப்புறம் எட்டு வாரம் நாம ரெண்டு பேரும் வேணும்னுதானே பேசாம இருந்தோம்?" அவள் குரல் உடைந்தது, ஆயினும் கால் அசையவில்லை. "நீ என்னைத் தூக்கி வளர்த்தவன். உன்னை விட்டுட்டு நான் எங்கயும் போக மாட்டேன். ஆனா பொய்யில உன்னோட உக்கார மாட்டேன்."

அவள் திரும்பும்போது இழைப்புளியின் ஓசை மீண்டும் கேட்கவில்லை.

ஞாயிறு விடிந்தது. எட்டாம் அப்பம் மேலேறியது. ஆயர் அதை ஏந்தி, "ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில்..." என்று தொடங்கியவுடனே அடுமனைக்காரி எழுந்தாள்.

"ஐயா, வாய்விட்டுக் கேளுங்க. கேக்காத கேள்விக்கு நான் அப்பம் சுட்டுத் தர மாட்டேன்."

ஆயர் அடுமனைக்காரியைப் பார்த்தார், பின்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருந்த தையற்காரியைப் பார்த்தார், பிறகு, அவர் பொருட்டு இதைச் சொல்லியே ஆகவேண்டும், துணிந்து முழுக்குரலில் கேட்டார். "உண்டு" என்றாள் தையற்காரி. அடுமனைக்காரி அண்ணனைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தார். அவள் முன்னே நடந்து, திருவிருந்து மேசையின்மேல் அறுந்த புரிகள் தெரியும்படி அக்கயிற்றை வைத்து, "இது என் கடைக் கயிறு..." என்று தொடங்கினாள்.

"நீ உக்காரு, தங்கச்சி" என்ற குரல் அவளை இடைமறித்தது. தச்சர் எழுந்து நின்றிருந்தார். "கட்டினது நான். சொல்ல வேண்டியதும் நான்தான். அவன் குடிக்கல. கயிறு இத்துப்போனதுன்னு தெரிஞ்சேதான் கட்டினேன். பழியை அவன் மேல போட்டுட்டேன்."

எல்லா விழிகளும் தையற்காரியின்பால் திரும்பின. அவள் கண்களிலிருந்து நீர் வழிந்தது; துடைத்துக்கொள்ளவில்லை. "இதை என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? விழுந்தவரு வீட்டுல இருக்காரு. அவர்கிட்ட வந்து சொல்லுங்க" என்றாள். நாற்பது பேரும் படியிறங்கினர். முன்னே ஆயர் பிட்கப்படாத அப்பத்தை ஏந்திச் செல்ல, கடைகளும் சன்னல்களும் வியந்து நோக்க, மூன்று தெருக்களைக் கடந்து கொத்தனின் வீட்டு வாயிலை அடைந்தனர். உள்ளே இடமில்லாமல் பாதிப்பேர் தெருவிலேயே நின்றனர்.

கட்டிலின் அருகே மண்டியிட்டுத் தச்சர் எல்லாவற்றையும் சொன்னார். கயிறு கொடுத்த கதையை அடுமனைக்காரி சொன்னாள். கொத்தன் சுவரைப் பார்த்தபடி கேட்டிருந்தான். பிறகு மெல்லத் திரும்பினான்.

"குடிச்சேன்னு நீ சொன்னதைக்கூட விட்டுடலாம், மூப்பரே. நாப்பது பேரு இருக்கீங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து என் வாயை மோந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே. ஏன்யா வரல?"

தெருவில் நின்றோருக்கும் அது கேட்டது. ஆயர் அப்பத்தை நீட்டியபோது கொத்தன் தலையசைத்தான். "இன்னைக்கு வேணாம், ஐயா. மனசுல இன்னும் இருக்கு. இல்லைன்னு சொன்னா அது என் பொய்யாயிடும்." ஆயர் தலைதாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார். எட்டாம் அப்பமும் பலகைக்குத் திரும்பியது.

மறுநாள் முதல் தச்சர் வேலைக்குப் போகுமுன் நாள்தோறும் அவ்வீட்டுக்குச் சென்றார். முதல் நாள் கொத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தச்சர் இறுகிக் கிடந்த கதவைச் சரிசெய்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் ஊன்றுகோல் ஒன்று செய்துகொண்டு வந்தார். மூன்றாம் நாள், "நீ மாட்டின கதவுக் கீல் கோணலா இருக்குய்யா" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. தச்சருக்குத் தம் வாழ்நாளில் எந்தப் பாராட்டும் அவ்வளவு இனித்ததில்லை. மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக வரத் தொடங்கினர். வந்தோரையெல்லாம், "மோந்து பாத்துட்டு உக்காருங்க" என்று கொத்தன் படாதபாடு படுத்தினான்.

அடுத்த ஞாயிறன்று வழிபாடு மேலறையில் நடைபெறவில்லை. கொத்தனால் படியேற இயலாதென்பதால் கூட்டமே கீழே இறங்கி, மாமூட்டைகளுக்கும் விறகுக் கட்டுகளுக்கும் இடையே நெருக்கியடித்து நின்றது. ஆயர் ஒன்பதாம் அப்பத்தை ஏந்திக் கேள்வியைக் கேட்டுவிட்டு விரலை அழுத்தாமல் காத்திருந்தார். ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற கொத்தன், வேண்டுமென்றோ, தன் உள்ளத்தை ஒருமுறை முழுவதும் துழாவிப் பார்த்தோ, நெடுநேரம் கழித்து, "எனக்கு இல்ல" என்றான். "எனக்கும் இல்ல" என்றாள் தையற்காரி. அப்பம் பிட்கப்பட்டது.

பிறகு அப்பழைய எட்டு அப்பங்களும் இறக்கப்பட்டன. குறை தீர்ந்தபின் அவற்றை உண்ணலாம். ஆனால் கத்தி இறங்கினால்தானே? "இதுக்கு நான்தான் சரி" என்று தச்சர் ஓடிப்போய்த் தம் கைரம்பத்தைக் கொண்டுவந்து, புதுப்பலகையை அறுப்பதுபோல் ஒவ்வொன்றையும் அறுத்தார். கொத்தன் அப்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அடுமனைக்காரி அத்துண்டுகளைச் சுடுபாலில் ஊறவைத்துத் தர, நாற்பது பேரும் ஒரு துணுக்கும் மிச்சமின்றி உண்டனர்.

நண்பரே, மேற்கூரையில் பாதி இன்றும் சுண்ணம் பூசப்படாமலே கிடக்கிறது. ஆனால் அக்கூட்டத்தார் கடவுளின் இயல்பைப் பற்றிப் பாடுவதோடு நில்லாமல் அவ்வியல்பில் சிறிதேனும் நடக்க முயல்கின்றனர். ஆயர் இப்போது கேள்வியைக் கேட்டபின் நெடுநேரம் நிற்கிறார், குழந்தைகள் நெளிகின்றனர், முதியோருக்குக் கால் கடுக்கிறது, "எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?" என்று யாரோ முணுமுணுப்பதும் உண்டு. எவ்வளவு நேரம் நின்றாலும், ஆண்டவர் நமக்காகக் காத்து நின்ற அளவுக்கு நாம் எவரும் இன்னும் நின்றதில்லை.