அடுத்த ஊருக்குப் போன கடிதம்

ஹெப்சிபா விடுதிக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"எங்க வீட்டுக்காரர் கடுதாசி வந்துச்சாமே?"

விடுதிக்காரர் ஒபதியா பூரித்துப்போனார். "வந்துச்சும்மா! நேத்தே சத்தமா படிச்சாச்சு. இங்கிலாந்து ராஜாவைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கார். ஊரே கைதட்டுச்சு!"

"இப்ப எங்கே அது?"

"ஊர்க் கமிட்டி அடுத்த ஊருக்கு அனுப்பிடுச்சு. அவங்களும் கேக்கணுமில்ல?"

ராஜாவை எதிர்த்துக் கூடியிருக்கும் பிலடெல்பியா காங்கிரசில் உட்கார்ந்திருக்கும் எபனேசர் தாக்ஸ்டரின் கடிதம் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் மனைவி கைக்கு வரும். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இப்போது பாஸ்டனில் பெரியம்மை. பிள்ளைகள் இருவருக்கும் அம்மை குத்தலாமா என்று மூன்று கடிதம் போட்டிருந்தாள். குத்தினால் லேசாக வந்து போய்விடும் என்கிறார்கள். குத்தியதிலேயே செத்தவர்களும் உண்டு. தகப்பன் சம்மதம் இல்லாமல் வைத்தியர் கையைக் கீறும் கத்தியைத் தொடமாட்டார். குத்திக்கொண்டவர்களை அடைத்துவைக்கும் அம்மை வீட்டுக் கதவை இன்று மதியம் சாத்தினால், திறக்க ஒரு மாதம் ஆகும்.

"கடைசியில பிள்ளைங்களைப் பத்தி ஏதாவது இருந்துச்சா?"

ஒபதியா நெஞ்சில் கை வைத்தார். "'அன்புள்ள மனைவிக்கு'ன்னு ஆரம்பிச்சதுமே நிறுத்திட்டோம். அடுத்தவங்க குடும்ப விஷயத்தைப் படிக்கிற ஜென்மமா நாங்க?"

"நாலு பக்கம் படிச்ச வாய்க்கு நாலு வரி வலிச்சுதாக்கும்! அந்த மனுஷனாவது தனித்தாள்ல எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"காகிதத்துக்குத் தட்டுப்பாடும்மா. அதையும் எழுதியிருக்கார்."

அடுத்த ஊருக்குப் போய்வர ஒரு பகல் ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறியவள், பிள்ளைகளை வண்டியில் ஏற்றி நேரே அம்மை வீட்டுக்கு ஓட்டினாள்.

"ஐயா என்ன சொல்றார்?" என்றார் வைத்தியர்.

"பதில் சொல்லியாச்சு. ஊரே கையில வெச்சிருந்துச்சு. என்ன பதில்னு எனக்குத்தான் தெரியாது."

"அப்ப எப்படிம்மா...?"

"அவர் பதில் ஊர்வலம் முடிச்சு வர்ற வரைக்கும் அம்மை காத்திருக்குமா? பதிவேட்டைக் கொடுங்க. பழி வந்தா என் தலையில வரட்டும்."

தகப்பன் பெயர் எழுதவேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினாள். வைத்தியர் பதிவேட்டை மூடிவைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

"அப்பா சரின்னு சொல்லிட்டாராம்மா?" என்றாள் மூத்தவள்.

"கையை நீட்டுடி" என்றாள் ஹெப்சிபா.