கடைசிப் பூவாளி

காலை ஏழு மணிக்கு நிழல்வலைக் கூடாரத்துக்குள் நுழைந்தால் பழனியம்மாள் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டாள், நாற்றுகளைத்தான் பார்ப்பாள். எந்தத் தட்டு வாடியிருக்கிறது, எது தெம்பாக இருக்கிறது என்று குனிந்து குனிந்து விசாரித்துக்கொண்டே போவாள். வேடசந்தூர் சாலையில் அவளுடைய நாற்றுப் பண்ணைக்கு நல்ல பெயர். தக்காளி நாற்றுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்துகூட வண்டி வரும்.

அன்று ஐந்தாவது வரிசையில் அப்படியே நின்றுவிட்டாள். மற்ற வரிசைகளில் நாற்று விரல் நீளத்துக்கு நிமிர்ந்திருந்தது. இங்கே அதில் பாதிதான். இலை என்னவோ கரும்பச்சை, ஆனால் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. அது மலர்விழி தண்ணீர் ஊற்றுகிற வரிசை.

போன மாதம் மலர்விழிக்கு இரண்டாவது வரிசை. அங்கே நாற்று குட்டையாகப் போனதால்தான் இங்கே மாற்றினாள். குறையும் அவள் பின்னாலேயே வந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா" என்று பக்கத்து வரிசையிலிருந்து சுகன்யா முணுமுணுத்தாள். "புருசன் போயி இன்னும் வருசம் திரும்பல. பிஞ்சு நாத்துல அவ கை படலாமா?"

பழனியம்மாள் கெட்டவள் இல்லை. மலர்விழி வேலை கேட்டு வந்தபோது மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொண்டவள். வெஞ்சனம் மிஞ்சினால் அவள் தூக்குவாளியில்தான் போடுவாள். ஆனால் விதை போடும் நாளில் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைத் தள்ளி நிற்க வைப்பாள். உரத்தண்ணீர்ப் பீப்பாயிலும் மற்ற நான்கு பெண்கள் மொண்ட பிறகுதான் அவள் மொள்ள வேண்டும். யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கொடுமைக்குச் சத்தமே இருக்காது. காரணம் எல்லாருக்கும் தெரியும், மலர்விழிக்கும் தெரியும்.

"மலரு, இந்த வாரத்தோட நின்னுக்கத்தா. தப்பா நெனைக்காத. நாத்து கெட்டா எம் பேரு போயிரும்."

மலர்விழி கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தாள். "நின்னா மில்லுக்குத்தான்க்கா போகணும். நைட் ஷிப்ட் போட்டா எம் பிள்ளைய யாருகிட்ட விடுறது?"

பழனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய பக்கத்தில் ஃபர்ஹீன் உட்கார்ந்திருந்தாள். திண்டுக்கல் பேகம்பூர்ப் பெண். வேளாண்மைக் கல்லூரியில் கடைசி வருடம், ஒரு மாதப் பயிற்சிக்காகப் பண்ணைக்கு வந்திருந்தாள். வரிசைக்கு ஒரு நாற்றை வேரோடு உருவி, ஐந்தையும் செய்தித்தாளில் கிடத்தியிருந்தாள்.

"அக்கா, செத்த இங்க வாங்க. இவ்வளவு நாளும் இலையவே பாத்துட்டு இருந்துட்டோம்."

செடி விஷயம் என்றால் பழனியம்மாளால் தாண்டிப் போக முடியாது. குந்தி உட்கார்ந்தாள். நான்கு நாற்றுகளில் வெள்ளை வேர்கள் தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவைச் சுற்றி வலைபோலப் பின்னியிருந்தன. ஐந்தாவதில் நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்னதாக, நுனி பழுத்துப்போன வேர்கள்.

"நோயா?"

"நோய் இல்லக்கா. வேரு வெறும் உறிஞ்சு குழாய் இல்ல. சுத்தி என்ன இருக்கு, எம்புட்டு இருக்குன்னு அதுக்குத் தெரியும். உரத்துல இருக்குற அமோனியம் கொஞ்சமா இருந்தா அந்தப் பக்கமாப் பக்கவேரு விடும். அளவு மிஞ்சிருச்சுன்னா நீளுறத நிறுத்திரும். உள்ள வந்தத வெளிய தள்ளவே தெம்பெல்லாம் போயிரும். இந்த வரிசைக்கு மட்டும் உரம் ஓவராப் போகுது."

பழனியம்மாள் அந்தக் குட்டை வேரை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இருபது வருடமாக நாற்று வளர்க்கிறாள். வேர் இப்படி அளவு பார்க்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. வியப்பாக இருந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமாகவும்.

"அது எப்பிடி ஒரு வரிசைக்கு மட்டும்? எல்லாத்துக்கும் ஒரே பீப்பாய்தான. நாந்தான் உரத்த அளந்து கொட்டுறேன்."

"கொட்டிட்டுக் கலக்குவீங்களா?"

"கம்ப விட்டு மேலாக்க ரெண்டு சுத்துச் சுத்துவேன்."

சொல்லிவிட்டு அவளே எழுந்து போனாள். அன்று உரம் ஊற்றும் நாள். நான்கு பேர் மொண்டது போக அடியில் ஒரு முழம் தண்ணீர் கிடந்தது. பழனியம்மாள் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். விரலில் நறநறவென்று நெருடியது. அள்ளிப் பார்த்தால், உள்ளங்கை நிறையக் கரையாத உரம்.

"இந்த அடித்தண்ணிய யாருக்கா மொள்ளுறது?" என்று ஃபர்ஹீன் கேட்டாள்.

சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். பீப்பாய்க்கு இரண்டடி தள்ளி, தன் முறைக்காகக் காலிப் பூவாளியோடு மலர்விழி நின்றுகொண்டிருந்தாள்.

பழனியம்மாள் ஈரக் கையோடு அவளிடம் போனாள்.

"உங் கையில ஒரு கொறையும் இல்ல மலரு. நாந்தான் ஒன்னயக் கடைசில நிக்க வச்சேன். வெசத் தண்ணிய ஊத்த வச்சேன். நாத்து கருகவும் ராசியில்லாதவன்னு பேரும் வச்சேன். ஒருத்திய ஒதுக்கி வச்சுட்டு, ஒதுங்கி நின்னதால வந்த கேட்டையும் அவ தலையிலேயே கட்டுனேன் பாரு, அது எம்புட்டுப் பெரிய பாவம். நீ எங்கயும் போக வேணாம். இனிமே நீதான் மொதல்ல மொள்ளணும்."

மலர்விழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"மொதல்ல வேணாம்க்கா. நான் முன்னால வந்தா வேற ஒருத்தி கடைசில நிப்பா. அவ நாத்து கருகும், அவளுக்கும் ஒரு பேரு வைப்பீங்க. அடி வரைக்கும் நல்லாக் கலக்கி விடுங்க. அப்பறம் யாரு கடைசில நின்னாலும் ஒண்ணும் ஆகாது."