மண் எங்கே போச்சு?

"சார், வேலிக்கு வெளியேயும் மண் எடுக்கணும்."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ரோஸ்லினுக்குச் சொல்லியிருந்தார்கள். ஹைதராபாத் சனத்நகரில் மண் பரிசோதனைக் கூடம் நடத்தும் சந்தானம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நக்கோம்மா, வேண்டாம். நமக்குக் குடுத்த வேலை வேலிக்குள்ள பன்னண்டு குச்சி, அவ்ளோதான். ரீடிங் பாதியாக் குறைஞ்சிருக்கு, சந்தோஷப்படாம சண்டைக்கு வர்றே!"

அந்த வேலிக்குள் இருப்பது பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டில் செய்த தொழிற்சாலை. மூடி இருபது வருடம் ஆகிறது. மேன்டிலில் சேர்க்கும் தோரியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் முற்றத்து மண்ணில் கலந்து கிடந்தது. வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்ததும், குச்சி நட்ட இடங்களில் மட்டும் மேல்மண்ணைச் சுரண்டி அளப்பார்கள்.

"தோரியம் பாதியாக ஆயிரம் கோடி வருஷத்துக்கு மேல ஆகும் சார். போன வருஷம் அந்தக் குச்சிங்க கணுக்கால் உயரம். இப்ப முழங்கால் உயரம். குச்சியா வளந்துச்சு? மண்ணு மழையோட போயிடுச்சு!"

மண் போன வழியை அவள் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தண்ணீர் வேலிக்கடியில் அரித்து, நாலா எனப்படும் கழிவுநீர் ஓடையில் இறங்கியிருந்தது. ஓட்டம் தளரும் வளைவில் மெல்லிய சேறு படிந்து கிடந்தது. தூர்வாரிக் கரையில் கொட்டிய அந்தச் சேற்றைத்தான் பக்கத்துக் குடிசை விஜயகுமாரி கூடையில் சுமந்து கீரைப் பாத்தி போட்டிருந்தாள். "சத்தான மண்ணும்மா" என்று ஒரு கட்டுக் கீரையை நீட்டினாள். அந்த மண்ணை அளந்த கணக்கு கையில் இல்லாததால், வேண்டாம் என்பதற்குக் காரணம்கூடச் சொல்ல முடியவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சந்தானம் கெட்டவர் இல்லை. யாரும் வேலை தராதபோது அவளுக்குத் தந்தவர். "எட்டுப் பேரு சாப்பிடுறாங்கம்மா இங்க. 'குறைந்துள்ளது'ன்னு கையெழுத்துப் போட்டுடு, ஹவ், சரியா?" என்றார், கெஞ்சுவதுபோல.

"எங்கப்பா ரயில்வே கேங்மேன். மழை பெஞ்சா தண்டவாளத்து ஜல்லி எங்க சரிஞ்சிருக்குன்னு போய்ப் பாப்பாரு. அவருக்கு டிகிரி இல்ல சார். எங்க வீட்ல மொத டிகிரி நான்தான். நான் பாக்காம கையெழுத்துப் போடணுமா?"

அவர் அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"விஷம் குறைஞ்சுதான்னு கேக்குறதுக்கு முன்னாடி எங்க போச்சுன்னு கேக்கணும். வேலி ஆளுங்களைத்தான் நிறுத்தும், மழைத்தண்ணியை நிறுத்தாது. அளக்காத இடத்தைச் சுத்தம்னு சொல்றது பொய் சார்." அவள் எழுந்தாள்.

"இப்ப எங்கம்மா போறே?"

"அளக்குற வரைக்கும் கீரையைப் பறிக்காதீங்கன்னு விஜயகுமாரி அக்காகிட்ட சொல்லப் போறேன். அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ். மனு நேத்தே எழுதிட்டேன்."

கையெழுத்தில்லாத அறிக்கையை அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள். சந்தானம் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.