மேல போற பை

பரங்கிமலை அடிவாரத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தேசப்பன் சார் என் முதுகுப்பைக்குள் கையை விட்டு முதலில் வெளியே எடுத்தது எங்கள் வீட்டு ரேஷன் அட்டை. பால் கவருக்குள் போட்டு, அதை இன்னொரு பால் கவருக்குள் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தது. அடுத்து மெழுகுவத்தி, தீப்பெட்டி. அப்புறம் பால் பவுடர். என் பி.காம். சான்றிதழ். நைனாவின் இறப்புச் சான்றிதழ். கடைசியாக ஒரு சுருள் நைலான் கயிறு.

"கயிறு சரி, மலைக்கு ஆகும். மத்ததெல்லாம் எதுக்கும்மா?" என்றார்.

லடாக்கில் ஆறாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு பனிச்சிகரம். வருகிற செப்டம்பரில் நானும் நவ்ரீனும் அதில் ஏறுவதாகத் திட்டம். குழுவைக் கூட்டிப்போகிறவர் தேசப்பன் சார். அவரவர் பையை அவரவரே அடுக்கி, சுமந்து, பரங்கிமலைப் படிகளை ஏறிக் காட்டினால்தான் பெயரைச் சேர்ப்பேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை நான் உருப்படியாகத்தான் அடுக்கினேன். குளிர் ஜாக்கெட், தூங்கும் பை, கம்பளிக் கையுறை எல்லாம் இருந்தன. காலையில் பரணிலிருந்து இறக்கும்போது நான் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

"ஜாக்கெட் எங்கம்மா?"

"எங்கம்மாதான் சார் எடுத்துருக்கும்."

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னாத்துக்கு இப்ப பல்லக் காட்டுற?" என்று ஒருத்தனைக் கேட்டேவிட்டேன். நவ்ரீன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

தேசப்பன் சார் சிரிக்கவில்லை. "நீ எங்க போறேன்னு உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"என்னன்னு சொன்ன?"

"ஆபீஸ் பிரண்டோட வடக்க போறேன், மேல போறேன்னு சொன்னேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

மேலே போவது என்றால் மற்ற ஊர்களில் செத்துப்போவது. எங்கள் சடையங்குப்பத்தில் அது பள்ளிக்கூடத்து மாடி. எங்களுடையது பள்ளமான பூமி. மழை நான்கு நாள் விடாமல் பெய்து, ஏரியையும் திறந்துவிட்டால், தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்துவிடும். "மேல போயிட்டீங்களா?" என்றுதான் சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் சிமெண்டுக் கல்லின் மேல் நிற்கிறது. டிவி மின்விசிறிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. புத்தர் படத்தைக் கழுத்தை அண்ணாந்துதான் கும்பிட வேண்டும். வேண்டியது எதையும் தரையில் வைத்து எங்களுக்குப் பழக்கமில்லை. மகள் மேலே போகிறாள், பை வேறு தயாராக இருக்கிறது என்றால், என் அம்மா கன்னியம்மா அதில் வேறு எதை வைப்பாள்?

"அடுத்த ஞாயித்துக்கிழமை வா. பை சரியா இருக்கணும்" என்றார் தேசப்பன் சார். "அம்மாகிட்ட சரியாச் சொல்லி, சரின்னு கேட்டுட்டு வா. வீட்டுக்குத் தெரியாம நான் யாரையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறதில்ல."

திரும்பும்போது பஸ்ஸில் நவ்ரீன் என் பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். நானும் அவளும் எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் பில் போடுகிறோம். அவள் தண்டையார்பேட்டை. இந்த மலைப் பைத்தியத்தை முதலில் பிடித்துக்கொண்டது அவள்தான், எனக்கு ஒட்டவைத்துவிட்டாள். வேலை முடிந்ததும் பையில் மணலைக் கட்டிப் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குவோம். கீழே பூ விற்கிற அக்கா, "இன்னாமே, வூட்ட காலி பண்ணிகினு போறீங்களா?" என்று தினமும் கேட்பாள். சிகரம் முடிந்ததும் சுற்றுவதற்கு நவ்ரீன் வழி போட்டுவைத்திருந்தாள். லே, அங்கிருந்து திஸ்கித்தில் குன்றின்மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய புத்தர். அது எனக்கு. துர்துக் என்று எல்லையோரம் ஒரு முஸ்லிம் கிராமம், ஆப்ரிகாட் மரத்தடியில் வீடுகள். அது அவளுக்கு. கடைசியில் பாங்காங் ஏரி.

வியாசர்பாடி தாண்டியதும் கேட்டாள். "அம்மா வேணான்னு சொல்டுச்சின்னா?"

"போவ மாட்டேன்."

"அவ்ளோதானா?"

"அதுக்கு முட்டி வலி நவ்ரீன். தண்ணி வந்தா யாரு தூக்கி வெப்பா? நானும் அதுவும்தான் வூட்ல."

"அப்ப நானும் போவல, போ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா பின்வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வந்த கோபத்தில் பையை அவள் முன்னால் தொப்பென்று போட்டேன்.

"ஜாக்கெட்ட எங்கம்மா வெச்ச?"

"பீரோ மேல கீது. பஞ்சு வெச்சித் தச்சது, நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். அத்தப் போய் யாராச்சும் தூக்கினு ஓடுவாங்களா?" தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரேசன் கார்ட எங்க? பத்தரமா கீதா?"

அவ்வளவுதான், என் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் குந்தி போனில் படத்தைக் காட்டினேன். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாது, உப்பளமா?"

"பனிம்மா. மலை. இதும் மேலதான் ஏறப்போறேன்."

"இம்மாம் ஒசரமா?" ரொம்ப நேரம் பார்த்தாள். "கீழ தண்ணி வந்துடுச்சா அங்க?"

"தண்ணியெல்லாம் வராதும்மா."

"தண்ணி வராம இன்னாத்துக்குமே மேல ஏறணும்?"

யார்டு மேனேஜரிலிருந்து பூக்கார அக்கா வரைக்கும் பதில் வைத்திருந்தவள் நான். அம்மா கேட்டதும் அழுகை வந்துவிட்டது. சின்ன வயதில் நைனா தோளில், அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் என் கால்களால், எத்தனை தடவை அந்தப் பள்ளிக்கூடப் படியில் ஏறியிருப்பேன். எதையும் ரசித்து ஏறியதில்லை.

"பொறந்ததுலேர்ந்து தண்ணி தொரத்தித்தான்மா ஏறிகீறேன். ஒரு வாட்டி நானா ஏறிப் பாக்கணும்."

அம்மா ஈர விரலால் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒன்றில் விரல் நின்றது.

"இவுரு நம்ம புத்தரா?"

"ஆமா. அவரையும் பாத்துட்டுத்தான் வருவோம்."

"அம்மாம் மேல போய்க் குந்திகினு கீறாரு. உஷாரான ஆளுதான்" என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவள் சிரிக்கவில்லை. "மழைக்கு முன்ன வந்துடுவியா?"

"செப்டம்பர் முடியங்காட்டியும் வந்துடுவேன்."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுபடி நெத்திலிக்குத் திரும்பிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. எப்போது கேட்டாலும், "சோறு துன்னு மொதல்ல" என்பாள். ஆபீஸில் நவ்ரீன் தினமும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பையை மறுபடி அடுக்கினேன். பீரோ மேலிருந்து ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தது அம்மாதான். அதை உதறி, முகர்ந்து பார்த்து, நான் மடித்தது சரியில்லை என்று அவளே மடித்துத் திணித்தாள். ரேஷன் அட்டையை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். நான் ஜிப்பை இழுத்து மூடி, ஸ்டூலைப் போட்டு, பழக்கதோஷத்தில் பையைப் பரணுக்குத் தூக்கினேன்.

அம்மா கையை நீட்டி என்னிடமிருந்து அதை வாங்கினாள். கனம் தாங்காமல் ஒரு அடி பின்னால் போய், சமாளித்துக்கொண்டு, வாசலோரம் கொண்டுபோய் வெறும் தரையில் வைத்தாள்.

"கீழயே கெடக்கட்டும்" என்றாள். "காலைல எடுத்துகினு போவ சவுரியமா இருக்கும்."

சுவரில் பழைய வெள்ளத்தின் கறை பைக்கு வெகு மேலே ஓடியது. பை அதன் கீழே, காய்ந்த சிமெண்டுத் தரையில், கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.