ஒரு நாற்காலிக்கு இரண்டு பெயர்ப்பலகைகள்

கொரியாவின் கடலோர ஊரான தோங்யொங்கில் யாருக்கு எந்தப் பதவிமேல் கண் என்பது ஊருக்குத் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே பாங் சுன்ரேவுக்குத் தெரிந்துவிடும். கறுப்பு அரக்குப் பலகையில் சிப்பி ஓடுகளை இழைத்துப் பெயர் பதிக்கிறவள் அவள். மேசைமேல் அப்படியொரு பலகை இல்லாத அதிகாரியை அங்கே தபால்காரர்கூட மதிக்க மாட்டார். அரக்கு நிதானமாகத்தான் காயும் என்பதால், விவரமானவர்கள் பதவி வருமுன்னே பலகைக்குச் சொல்லிவிடுவார்கள்.

சிப்பி வளர்ப்போர் சங்கத்தின் பொது மேலாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு அடிபட்டதும் முதலில் வந்தவர் துணை மேலாளர் தாக் கியொங். தேன் ரொட்டிப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ‘பொது மேலாளர் தாக் கியொங்’ என்று எழுதிக் கொடுத்தார். இருபுறமும் டிராகன் வேண்டுமாம். காலுக்கு நாலு நகம் போதுமே, ஐந்து ராஜாவுக்குத்தானே என்றாள் சுன்ரே. ராஜாவுக்கு ஐந்து என்றால் தனக்கும் ஐந்தே இருக்கட்டும் என்றார்.

நாலாம் நாள் இன்னொரு துணை மேலாளர் மா தொங்சிக் வந்தார். அதே பதவி, பெயர்தான் வேறு. இதுவரை அதிகபட்சம் எத்தனை நகம் வைத்திருக்கிறாள் என்று விசாரித்தார். ஐந்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

“அப்ப எனக்கு ஏழு போடுங்கக்கா.”

“ஏழு போட்டா கால் மாதிரி இருக்காது சார். சீப்பு மாதிரி இருக்கும்.”

“இருந்துட்டுப் போகட்டும். எண்ணிப் பாக்கிறவனுக்குத் தெரியணும்.”

ஒருவர் விஷயத்தை மற்றவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. தொழில் தர்மம் என்று சொல்லிக்கொண்டாள். வேலைக்கு உட்கார்ந்ததும் அவளுக்கு அந்த இரண்டு பேருமே மறந்துபோனார்கள். தாக்கின் டிராகனுக்கு ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாக அறுத்துப் பதித்தாள். வெளிச்சம் பட்டால் பச்சை ஊதாவாகப் புரண்டது. முப்பது வருஷத்தில் அவள் கைக்கு இப்படி ஒன்று அமைந்ததில்லை.

எடுத்துப்போக இருவருக்கும் வேறுவேறு நேரம் சொல்லியிருந்தாள். தாக் அரை மணி பிந்தி வந்தார், மா அரை மணி முந்தி வந்தார். மேசைமேல் இரண்டு பலகைகளும் அருகருகே கிடந்தன. முதலில் சமாளித்தவர் தாக்.

“என் பேர்லயே பூசான்ல ஒருத்தர் மேலாளரா இருக்கார். அவருக்காக.”

“அதிசயமா இருக்கே. என் பேர்லயும் தேகுல ஒருத்தர் இருக்கார்” என்றார் மா.

திங்கட்கிழமை நியமன ஆணை வந்தது. குளிர்கிடங்கைப் பன்னிரண்டு வருஷமாகக் கவனித்துவந்த குக் யொன்ஹி அம்மாள்தான் பொது மேலாளர். அந்த அம்மாள் ஒரு சிப்பிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, தன் பெயரை எழுதி, மேசைமேல் மடித்து நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்.

தாக் பலகையோடு திரும்பி வந்தார். பெயரை மட்டும் சுரண்டித் தரச் சொன்னார்.

“மேலே ஒட்டுனது இல்ல சார், அரக்குக்குள்ள புதைச்சது. சுரண்டினா டிராகன் வாலும் சேந்து போகும். என் கையால அதைச் செய்ய மாட்டேன்.”

நானே வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். தன் பெயர் கடையில் கிடப்பதா என்று அவர் தூக்கிப் போய்விட்டார். அவர் மனைவி அதைச் செருப்பு அலமாரிமேல் வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட சுன்ரேவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மா வேறு வழி பார்த்தார். படகெடுத்துப் போய்ப் பலகையைக் கடலில் வீசினார். மரம் மிதக்கும் என்பது சிப்பிச் சங்கத்து அதிகாரிக்குத் தோன்றவில்லை. மறுநாளே ஒரு மீனவர் அதைக் கண்டெடுத்து, ஈரம் துடைத்து, நேரே சங்கத்துக்கு வந்து, பொது மேலாளர் மா தொங்சிக் அவர்களைப் பார்க்கவேண்டும் என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அவரைக் குக் அம்மாளின் அறைக்குத்தான் அனுப்பினார்கள். அம்மாள் பலகையை வாங்கிப் பார்த்து, மாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தார்.

அந்த மாதத்துக்குள் சங்கத்தில் எல்லா மேசைகளிலும் அட்டைப் பெயர்கள் முளைத்தன. எளிமையில் யாரும் பின்தங்க விரும்பவில்லை. இனி இந்தச் சங்கத்திலிருந்து ஒரு வேலையும் வராது என்று சுன்ரே நினைத்திருந்தபோது தாக் மறுபடி தேன் ரொட்டியோடு வந்து கதவைச் சாத்தினார். அவர் கையில் தன் பெயர் எழுதிய அட்டை இருந்தது.

“இதுக்கு ஒரு சட்டம் பண்ணணும்க்கா. சுத்திலும் சிப்பி வேலை. ஆனா பாத்தா எளிமையாத் தெரியணும்.”

சுன்ரே அளவெடுக்கத் தொடங்கினாள்.