பெர்ஷே கிட்டாரின் நாதம்

பிரஷாந்தினி புரோசார்ட் நகரில் பழைய சாமான் விற்ற வீடொன்றில் ஒரு கிட்டார் வாங்கினாள். அதைச் செய்தவரின் பெயராக உள்ளே ஒட்டியிருந்த 'லூசியன் பெர்ஷே' என்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை. நாதமோ தேனாய்க் குழைந்தது. மதிப்பை அறிய, சென்ட் லோரன்ட் பகுதியில் கிட்டார் திருத்தும் யதுர்ஷனிடம் கொண்டுபோனாள்.

வாசித்துப் பார்த்த அவன் சொக்கிப்போனான். பிறகு நடு ஓட்டைக்குள் கைவிட்டு, உக்கிப்போன கம்பளிக் காலுறை ஒன்றை இழுத்தெடுத்தான். உடனே கிட்டார் தகரம்போலக் கத்தியது.

"ஐயோ தம்பி, அதைத் திருப்பிப் போடு!"

"அது நாறுது அக்கா."

அவன் தன் காலுறையைக் கழற்றி உள்ளே திணித்தான். பழைய நாதம் திரும்பியது.

"இப்ப நல்ல விலை போகும் அக்கா. ஆனா சொக்ஸ் என்ரை, எனக்கும் பங்கு வேணும்."

பிரஷாந்தினி அதை உருவி அவன் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.